எழுவான்கரையிலிருந்து வான் பார்க்க: மட்டக்களப்பு, அம்பாறைக்கான முழுமையான வழிகாட்டி

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை என்று வானத்தைப் பார்த்தே நிலத்துக்குப் பெயர் வைத்த இடம் இது. ஆனால் வான் பார்க்கத் தொடங்குபவருக்கு இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிற்பவர்களுக்காக எழுதப்பட்டவை. முதலில் துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் குறிப்போடு கல்லடிக் கடற்கரையில் நின்றால் முதல் இரவே சலித்துப்போகும். கீழே உள்ளவை இங்கிருந்து தெரியும் வானத்துக்கானவை.

இங்கே வானம் எப்படி நிற்கிறது

மட்டக்களப்பு நகர் வட அகலக்கோடு 7.7 பாகையில் இருக்கிறது. அம்பாறை 7.3, பொத்துவில் 6.9. துருவ நட்சத்திரத்தின் உயரம் நாம் நிற்கும் அகலக்கோட்டுக்கு ஏறத்தாழச் சமம். ஆகவே அது வடக்கு அடிவானத்திலிருந்து ஒரு கைமுட்டி உயரம்கூட ஏறாது. அந்தத் தாழ்வில் கடலின் ஈரப்பதமும் தூசியும் அதன் ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். அதைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

வடக்கில் இழப்பதைவிடத் தெற்கில் கிடைப்பது மிக அதிகம். தென்வான் துருவத்தைச் சுற்றிய ஒரு சிறு வட்டம் தவிர முழு வானமும் ஓராண்டுக்குள் நம் தலைக்கு மேலாக வந்து போகிறது. தென்சிலுவை, அகத்தியர் நட்சத்திரம், ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து எல்லாம் இங்கே வசதியான உயரத்துக்கு வருகின்றன. கிழக்கில் எழும் விண்மீன்கள் சரிந்து போகாமல் ஏறத்தாழச் செங்குத்தாக ஏறுவதால், கடலிலிருந்து எழுவதைப் பார்த்த விண்மீன் சில மணி நேரத்தில் எங்கே நிற்கும் என்று கணிப்பது எளிது.

இதற்கு மிக நல்ல சான்று திருவாதிரை. அந்தச் சிவந்த விண்மீனின் வான் அகலக்கோடு (பூமியின் அகலக்கோட்டை வானத்தில் நீட்டிய அளவு) வடக்கு 7.4 பாகை. அதாவது அது அம்பாறைக்கும் மட்டக்களப்புக்கும் நேர் உச்சியில், அரைப் பாகைக்கும் குறைவான விலகலில் கடந்து போகிறது. தைப்பொங்கல் கழிந்து மூன்று வாரத்தில், பெப்ரவரித் தொடக்கத்தில், இரவு 9 மணிக்கு மல்லாந்து படுத்தால் முகத்துக்கு நேர் மேலே இருப்பது அதுதான். திருவோணமும் அப்படியே, ஒரு பாகை சொச்ச விலகலோடு. செப்டெம்பர் 2, 3 அளவில் நண்பகலில் சூரியன் நம் உச்சியைக் கடக்கிறது. அதே நாள் இரவு 9 மணியளவில் திருவோணம் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கிறது.

எந்த இரவில் பார்ப்பது

சுவர் நாட்காட்டி போதும். போயா (பூரணை) நாளன்று நிலவொளி வானத்தை வெளுப்பாக்கிவிடும். நிலவையும் கோள்களையும் தவிர எதுவும் சரியாகத் தெரியாது. போயாவுக்குப் பின் நிலவு நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்தி எழுகிறது. ஐந்தாம் நாளில் அது வர இரவு 10 மணியாகும். ஆகவே போயா கழிந்த ஐந்தாம் நாளிலிருந்து அமாவாசை கழிந்த நான்கைந்து நாள் வரை மாலை வானம் நமக்கு. அந்த இரண்டு வாரத்தை நாட்காட்டியில் பென்சிலால் வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் அகலக்கோட்டில் அந்தி குறுகியது. சூரியன் மறைந்து 75 நிமிடத்தில் முழு இருட்டு வந்துவிடும். கார்த்திகையில் இரவு 7 மணிக்கும் ஆடியில் 7.40 அளவிலும் வேலையைத் தொடங்கலாம்.

காலநிலைதான் இங்கே பெரிய கட்டுப்பாடு. ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை வடகீழ்ப் பருவமழை. அந்த மாதங்களில் கிடைக்கும் ஓரிரு தெளிந்த இரவுகள் மழை கழுவிய வானத்தோடு வரும் என்பதால் அவற்றைத் தவற விடக்கூடாது; ஆனால் நம்பித் திட்டமிட முடியாது. பெப்ரவரியும் மார்ச்சும் நல்லவை, மாகபோக அறுவடைக்குப் பின் வைக்கோல் எரிக்கும் புகை மட்டும் வயல் பக்கத்தில் தொல்லை. ஏப்ரலில் பிற்பகல் இடிமழை பெய்து ஓய்ந்த இரவுகள் சில வேளை அற்புதமாக இருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்றுக் காலம். பகலில் உடம்பை வாட்டும் அதே காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் உப்பு ஈரம் நம் பக்கம் வராது. பால்வீதியின் மையம் மாலையில் தெற்கே உயர்ந்து நிற்பதும் இந்தக் காலத்தில்தான். ஆண்டில் ஒரே ஒரு மாதம் தெரிவு செய்ய வேண்டுமென்றால் ஜூலை.

இடம்

நகரக் கடற்கரைகளில் கிழக்குத் திசை கடல் என்பதால் இருட்டு. ஆனால் நம் கரையோரம் நேர் வடக்குத் தெற்காக ஓடவில்லை, தென்கிழக்காகச் சாய்கிறது. அதனால் கல்லடியிலோ நாவலடியிலோ நின்று தெற்கே பார்த்தால் காத்தான்குடியிலிருந்து கல்முனை வரையான வெளிச்சங்களுக்கு மேலேதான் பார்க்கிறீர்கள். தென்சிலுவை மங்கலாகத் தெரிவதற்குக் கண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கிருந்து கிழக்கில் எழுபவற்றைப் பாருங்கள்.

தென்வானத்துக்கு அம்பாறை மாவட்டத்தின் தென்கரை சிறந்தது. திருக்கோவில், கோமாரி என்று தெற்கே போகப் போக வெளிச்சம் குறையும். பொத்துவில், அறுகம்பைப் பக்கம் சுற்றுலாக் காலத்தில் விளக்குகள் கூடும். பாணமைக்கு அப்பால் தெற்கே குமண வனம் என்பதால் அந்த அடிவானம் கறுத்திருக்கும். வடக்கில் வாகரையும் நல்ல இடம்.

படுவான்கரையில் கொக்கட்டிச்சோலை முதல் உள்ளே போகப் போக வானம் நன்றாகிறது. நகர வெளிச்சம் கிழக்கில் மட்டும் ஒரு திட்டாக நிற்கும். ஆனால் உன்னிச்சை, உறுகாமம், வெல்லாவெளி போன்ற இடங்களில் இரவில் யானை வரும். குளக்கட்டு திறந்த வெளியாக இருப்பதால் ஆசை காட்டும். குளத்தில் முதலை, கட்டின் புல்லில் விரியன். அங்கே போகவேண்டாம். ஊருக்குள்ளேயே பாடசாலை மைதானம், கோயில் வெளிவீதி, உறவினர் வீட்டு வளவு என்று ஒன்றைப் பிடித்து, அந்த வாரம் யானை நடமாட்டம் உண்டா என்று ஊராரிடம் கேட்டு, குறைந்தது மூன்று பேராகப் போங்கள். சப்பாத்து கட்டாயம். ஊரின் இருட்டு ஓரமாக நிற்பதைவிட நடுவே, தெருவிளக்கு மறையும் ஒரு சுவரின் பின்னால் நிற்பது பாதுகாப்பானது. வானத்தில் இழப்பும் அதிகமில்லை.

கொங்கிறீட் கூரைத்தளத்தில் நின்று பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பகல் வெயிலை உறிஞ்சிய தளம் நள்ளிரவு வரை சூடு விடும். தொலைநோக்கியில் கோள்கள் கொதிநீருக்குள் கிடப்பது போல நடுங்கும். புல்தரையும் மணலும் விரைவில் ஆறிவிடும்.

முதல் மாதம்: வெறும் கண்

எதையும் வாங்காமல் ஒரு மாதம் பாருங்கள். தேவையானவை ஒரு பாய் அல்லது சாய்மனைக் கதிரை, சிவப்பு வெளிச்சம், கொப்பி, பென்சில். சிறிய டோர்ச்சின் கண்ணாடிக்கு மேல் சிவப்பு செலோபேன் தாளை மூன்று மடிப்பாக வைத்து இறப்பர் பட்டியால் கட்டினால் சிவப்பு வெளிச்சம் தயார். ஒரு மடிப்புப் போதாது, வெள்ளை ஒளி கசியும்.

1. வெளிச்சத்திலிருந்து வெளியே வந்து 20 முதல் 30 நிமிடம் காத்திருங்கள். கண்ணின் விழித்திரையில் மங்கல் ஒளியை உணரும் பொருள் மீண்டும் ஊற அவ்வளவு நேரம் எடுக்கும். இடையில் ஒரு தடவை போன் திரையைப் பார்த்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். தொடங்குபவர்களில் மிகப் பலருக்கு “ஒன்றும் தெரியவில்லை” என்பதற்குக் காரணம் இதுதான்.

2. கையை முழுதாக நீட்டி அளக்கப் பழகுங்கள். சுண்டுவிரலின் அகலம் 1 பாகை, நடு மூன்று விரல் 5, கைமுட்டி 10, விரித்த சாண் 20 சொச்சம். பிள்ளையின் கை சிறிதானாலும் நீளமும் குறைவு என்பதால் அளவு ஏறக்குறைய ஒன்றே.

3. மங்கலான ஒன்றை நேராக உற்றுப் பார்க்காமல் சற்றுப் பக்கத்தில் பாருங்கள். மங்கல் ஒளியை உணரும் கலங்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் உள்ளன.

4. அன்றைய நாட்காட்டியில் எழுதியிருக்கும் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு நிலவைத் தேடுங்கள்.

இந்த நான்காவது படி நம் கைக்குள்ளேயே இருக்கும் பெரிய கருவி. “இன்று உரோகிணி” என்றால் நிலவு இன்று வானத்தின் உரோகிணிப் பகுதியில் நிற்கிறது என்று பொருள். ஒவ்வொரு பகுதியும் 13 பாகை சொச்சம், அதாவது ஒரு கைமுட்டியும் மூன்றில் ஒரு பங்கும். நிலவு நாளுக்கு ஏறத்தாழ அவ்வளவு நகர்வதால் ஒவ்வொரு நாளும் ஒரு பெயர். அந்தப் பெயருக்குரிய விண்மீன் நிலவுக்குப் பக்கத்தில், பெரும்பாலும் ஒன்றிரண்டு கைமுட்டிக்குள் இருக்கும். வாக்கிய, திருக்கணித பஞ்சாங்கங்கள் சில மணி நேரம் வேறுபடலாம். அடையாளம் காண அது தடையல்ல. நிலவு கார்த்திகையை நெருங்கும் நாளில் ஆறு மீன் கொத்து, உரோகிணியில் செம்மஞ்சள் விண்மீன், மகத்தில் சிங்கத்தின் பிரகாசமான மீன், சித்திரையில் தனித்து நிற்கும் வெண்நீல மீன், கேட்டையில் விருச்சிகத்தின் சிவந்த நெஞ்சு. மூன்று மாதம் இப்படிச் செய்தால் இராசிப் பட்டை முழுவதும் மனப்பாடமாகிவிடும்.

மாதப் பெயர்களும் வேலை செய்கின்றன. பூரணை நிலவு எந்த நட்சத்திரத்தை ஒட்டி நிற்கிறதோ அதன் பெயரே மாதத்துக்கு. பூரணை நிலவு சூரியன் மறையும்போது எழுகிறது; அது நிற்கும் நட்சத்திரமும் அப்போது கிழக்கில் எழுகிறது. ஆகவே சித்திரை மாதத்தில் சித்திரை மீனும், கார்த்திகையில் கார்த்திகைக் கொத்தும் அந்தியில் கடலிலிருந்து எழும். எந்த மாதம் எது வரும் என்று செயலி பார்க்காமலே சொல்லலாம்.

ஆண்டின் தெற்குப் பயணம்

பெப்ரவரி. இரவு 9 மணிக்கு வேடன் (ஓரியன்) கூட்டம் உச்சியில். அதிலிருந்து தெற்கே வந்தால் வானத்திலேயே மிகப் பிரகாசமான சிரியஸ். சிரியஸிலிருந்து நேர் தெற்கே மூன்றரைக் கைமுட்டி இறங்கினால் இரண்டாவது பிரகாசமான விண்மீன், அகத்தியர். அடிவானத்திலிருந்து மூன்று கைமுட்டி உயரத்தில் நிற்கும். இங்கே இரண்டையும் ஒரே பார்வைக்குள் வைக்கலாம். இலண்டனிலிருந்து அகத்தியர் எழுவதே இல்லை.

ஏப்ரல், மே. இதுதான் அதிகம் பேர் தவறு செய்யும் பகுதி. தெற்கே சிலுவை வடிவில் நான்கு விண்மீன்களைக் கண்டதும் தென்சிலுவை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அதற்குச் சில மணி நேரம் முன்னால், மேற்குப் பக்கமாகச் செல்லும் பொய்ச்சிலுவை ஒன்று உண்டு. அது பெரியது, மங்கலானது. உண்மையான தென்சிலுவை சிறியது, மூன்று விரலைவிடச் சற்றே உயரம். உறுதிப்படுத்த ஒரே வழி, அதன் இடப்பக்கம், கிழக்கே, இரண்டு பிரகாசமான விண்மீன்கள் காவல் நிற்கின்றனவா என்று பார்ப்பது. அவற்றில் சிலுவையிலிருந்து தள்ளி நிற்பது ஆல்பா சென்டாரி, 4.4 ஒளியாண்டில் நம் பக்கத்து வீட்டு விண்மீன் குடும்பம்.

மே நடுப்பகுதியில் இரவு 9 மணிக்குச் சிலுவை நிமிர்ந்து நிற்கும். நடுப்பகுதி அடிவானத்திலிருந்து 22 பாகை. அப்போது அதன் நெடுங்கோட்டைக் கீழே நீட்டினால் சரியான தெற்கு. மேல் மீனிலிருந்து கீழ் மீன் வரையான நீளத்தை மேலும் நாலரை மடங்கு நீட்டினால் தென்வான் துருவம் வரும் என்ற விதி இங்கும் சரி. ஆனால் அந்த இடம் நம் அடிவானத்துக்குக் கீழே இருப்பதால் அங்கே எதையும் தேட வேண்டாம். சிலுவைக்குள் ஐந்தாவதாக ஒரு மங்கல் மீன் தெரிந்தால் அன்றைய தெற்கு வானம் நன்று.

அடுத்தது ஒமேகா சென்டாரி, நம் பால்வீதியில் உருண்டையாகத் திரண்ட விண்மீன் கொத்துகளில் மிகப் பெரியது. சித்திரை மீன் உச்சத்தைக் கடக்கும் நேரத்தில், மே இறுதியில் இரவு 9 மணியளவில், அதிலிருந்து நேர் கீழே மூன்றரைக் கைமுட்டி. வெறும் கண்ணுக்கு மங்கிய விண்மீன் போல. பைனாக்குலரில் முழு நிலவு அகலத்துக்கு ஒரு பஞ்சு உருண்டை. வட ஐரோப்பாவில் இருப்பவருக்கு இது கிடைக்காது.

ஜூலை, ஆகஸ்ட். விருச்சிகம் தெற்கே நிமிர்ந்து, கொடுக்கும் வாலும் முழுதாகத் தெரியும். வாலின் கொடுக்குத்தான் மூலம். அதற்குக் கிழக்கே தனுசு. இரண்டுக்கும் இடையில் பால்வீதியின் மையம், ஆகஸ்ட் தொடக்கத்தில் இரவு 9 மணிக்கு 53 பாகை உயரத்தில். பைனாக்குலரை வால் நுனியிலிருந்து மெல்ல மேலே நகர்த்தினாலே போதும், கொத்தும் முகிலுமாக ஒன்றன்பின் ஒன்று வரும்.

எரிகற்களில் ஆகஸ்டின் பெர்சீட் மழைக்கு உலகம் முழுக்க விளம்பரம் உண்டு. நமக்கு அது வடக்கே தாழ்வாக இருப்பதால் குறைவாகவே தெரியும். டிசம்பர் 13, 14 ஜெமினிட் சிறந்தது, மழை விட்டால். நம்பக்கூடியது மே 5, 6 அளவில் விடியற்காலை 3.30 முதல் 4.45 வரை கிழக்குக் கடல் மேல் வரும் ஈட்டா அக்வாரிட். அது ஹேலி வால்வெள்ளி விட்டுச் சென்ற தூசு.

பைனாக்குலர்

முதல் கருவியாக 7x50 அல்லது 10x50 வாங்குங்கள். முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன்வில்லையின் விட்டம் மில்லிமீற்றரில். இரண்டாவதை முதலால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம்: 7x50இல் 7 மில்லிமீற்றர், 10x50இல் 5. வயது கூடக் கூடக் கண்மணி விரிவது குறைவதால் நடுவயதைத் தாண்டியவருக்கு 10x50 பொருந்தும். 20x50 என்று கவர்ச்சியாக விற்பவை கையில் நடுங்கும், வாங்க வேண்டாம்.

கடையிலேயே சோதியுங்கள். கண்வில்லையை ஓரடி தள்ளிப் பிடித்து வெளிச்சத்தை நோக்கினால் தெரியும் ஒளிவட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் அரியம் தரம் குறைந்தது. தொலைவில் உள்ள அன்டெனாவைப் பார்த்து ஒரு நிமிடம் வைத்திருங்கள். உரு இரண்டாகப் பிரிந்தாலோ தலை வலித்தாலோ இரு குழலும் ஒரே கோட்டில் இல்லை.

குவியம் சரிசெய்வதில் பலர் தவறுகிறார்கள். வலப்பக்கத்தைக் கையால் மூடி, நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்கு விண்மீனைப் புள்ளியாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, வலக் கண்வில்லையின் வளையத்தை மட்டும் திருப்புங்கள். வளையத்தின் அந்த நிலையைப் பென்சிலால் குறித்துவிட்டால் அடுத்த தடவை நடுச்சக்கரம் மட்டும் போதும். சாய்மனைக் கதிரையில் முழங்கைகளைக் கைப்பிடியில் ஊன்றிப் பிடித்தால் வியாழனின் நான்கு நிலவுகளும் புள்ளிகளாக நிற்கும்.

தொலைநோக்கி

வாங்க முடிந்தால் 6 அங்குல டொப்சோனியன். தரையில் வைத்துக் கையால் தள்ளித் திருப்பும் எளிய ஆடித் தொலைநோக்கி அது. குவியத்தூரம் 1200 மில்லிமீற்றர் என்றால் 25 மில்லிமீற்றர் கண்வில்லையில் 48 மடங்கு, 10 மில்லிமீற்றரில் 120 மடங்கு. சனியின் வளையத்துக்கு இவை தாராளம். பெட்டியில் “525 மடங்கு” என்று அச்சிட்ட சிறு தொலைநோக்கிகளை விட்டுவிடுங்கள். அவற்றின் முக்காலி காற்றுக்கே ஆடும்.

பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்த துருவ அச்சோடு சுழலும் தாங்கி வாங்க நினைப்பவர் ஒன்றை முன்கூட்டியே பார்க்க வேண்டும். அந்த அச்சை இங்கே 7 அல்லது 8 பாகைக்குச் சாய்க்க வேண்டும். பல தாங்கிகள் அவ்வளவு தாழாது. தாழ்ந்தாலும் எடைத்தண்டு முக்காலிக் காலில் இடிக்கும். டொப்சோனியனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் நேர் உச்சியில் எதையும் பின்தொடர்வது அதற்குக் கடினம், தளம் திருப்பத் திருப்ப உரு நகர்ந்துகொண்டே இருக்கும். வேடன் கூட்டத்தில் உள்ள ஒளிமுகில் (நெபுலா) நம் உச்சிக்கு அருகில் கடப்பதால் அது உச்சிக்கு வர இரண்டு மணி நேரம் முன்பு அல்லது பின்பு பாருங்கள்.

பகலில் தொலைநோக்கியை வெளியே மூடியில்லாமல் வைக்காதீர்கள். அதன் வழியே சூரியனை ஒரு கணம் பார்த்தாலும் கண் நிரந்தரமாகப் போய்விடும்.

உப்பு, ஈரம், பூஞ்சணம்

இந்தக் கரையில் கருவிகளைக் கொல்வது விழுந்து உடைவதல்ல, வில்லைக்குள் வளரும் பூஞ்சணம். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே வெளியே கொண்டுவந்தால் நொடியில் நீர் படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறவுங்கள். பனி படியாமலிருக்கக் குழாயின் வாயில் கறுப்பு ஸ்பொஞ்ச் தாளைச் சுற்றுங்கள், வாயின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளமாக. படிந்த ஈரத்தைத் துணியால் துடைக்க வேண்டாம், காற்றில் உலர விடுங்கள். வாடைக்காற்று கடலிலிருந்து வீசும் மாதங்களில் ஆடித் தொலைநோக்கியைக் கடற்கரைக்கே கொண்டுபோகாதீர்கள். அலுமினியப் பூச்சை உப்பு அரிக்கும்.

நுளம்பு மருந்து பூசிய கையால் பைனாக்குலரைத் தொடவும் கூடாது. அந்தத் தைலங்கள் பலவற்றில் உள்ள டீட் என்ற இரசாயனம் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். முதலில் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். நுளம்புச் சுருளைக் காற்று போகும் பக்கமாக, பத்தடி தள்ளி வையுங்கள்.

வீட்டில் இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் 250 கிராம் சிலிக்கா ஜெல்லோடு கருவியைப் போட்டு மூடுங்கள். நிறம் மாறும் மணிகளாக வாங்கினால் நீலம் இளஞ்சிவப்பாகும்போது அல்லது செம்மஞ்சள் பச்சையாகும்போது தெரியும். கேக் சுடும் ஓவனில் 120 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் பழைய நிறம் வரும். மாரி மாதங்களில் இரண்டு வாரத்துக்கொரு தடவை பெட்டியைத் திறந்து நிறத்தைப் பாருங்கள். வில்லைக்குள் சிலந்தி நூல் போல ஏதும் ஓடத் தொடங்கியிருக்கிறதா என்று டோர்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டியதும் அப்போதுதான்.